குட்டையில் விட்ட கிணற்றுத் தண்ணீர்

1. ட்யூப்பு மேடம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு நீளமான பிளாஸ்டிக் ட்யூப். அதில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் குச்சிகளில் கட்டி, நிலத்தின் மட்டம் பார்க்க வேண்டும். அந்த மட்டத்தில் வரப்புப் போட்டால் மழைத்தண்ணீர் ஓடாமல் நிலத்திலேயே நிற்கும். வாட்டர்ஷெட் திட்டத்தில் ஃபீல்டு சூப்பர்வைசர் வேலை என்றால் இதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூர் பக்கம், பாலாற்றை நோக்கிச் சரியும் மானாவாரி நிலங்கள். டிவிஎஸ் ஃபிஃப்டியில் போய் இறங்கினால் "ட்யூப்பு மேடம் வந்துட்டாங்க" என்பார்கள். அப்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லையே என்று இருக்கிறது.

2. கன்னியம்மா நிலம்

கன்னியம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர். வீட்டுக்காரர் ஷூ கம்பெனிக்குப் போக, பயிர் முழுக்க அவர் பொறுப்பு. நிலத்தில் கிணறு உண்டு. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு ஊறி ஊறி அந்தத் தண்ணீர் உப்பாகிவிட்டது, மாடுகூட வாய் வைக்காது. பாத்திரம் கழுவ மட்டும் மோட்டார் ஓடும்.

அதனால்தான் நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினோம். வேர்க்கடலை பூத்து, காய் பிடிக்க விழுது மண்ணில் இறங்கும் சமயத்தில் மழை ஏமாற்றினால், குட்டையிலிருந்து ஒரு தண்ணீர் கட்டலாம், அதாவது ஒருமுறை பாய்ச்சலாம். அந்த ஒரு தண்ணீரில்தான் விளைச்சலே இருக்கிறது.

முதல் மழைக்கு முழங்கால் அளவு சேர்ந்தது. ஒரு தண்ணீருக்கு அது போதும். கன்னியம்மா தினமும் போய் எட்டிப் பார்ப்பார்.

3. விசிட்

திட்ட அதிகாரி ஒருநாள் கூப்பிட்டார்.

"நாளைக்கு டெல்லிலேர்ந்து டீம் வருது. குட்டைல தண்ணி நிறைய தெரியணும், போட்டோ எடுப்பாங்க. நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

நேரே கன்னியம்மாவிடம் போனேன்.

"அக்கா, கிணத்து மோட்டார போட்டு குட்டைல விடலாமா?"

"அது உப்புத் தண்ணிம்மா."

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்க்கா. அடுத்த மழைல சரியாப்பூடும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்விட்சைப் போட்டார். என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

டீம் வந்தது, போட்டோ எடுத்தது, அதிகாரிக்கு வாயெல்லாம் பல். அடுத்த மழைதான் வரவில்லை. செடி பூத்தது, விழுது இறங்கும் நாள் வந்தது. பக்கத்திலேயே குட்டை நிறையத் தண்ணீர், செடிகள் வாடி நின்றன. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. முன்பு இருந்த நல்ல தண்ணீரையும் நானே கெடுத்திருந்தேன்.

அறுவடையில் செடிக்கு இரண்டு மூன்று காய், அதிலும் பாதி பருப்பில்லாத பொக்கு. கன்னியம்மா களத்தில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். ஒரு செடியை எடுத்துக் காய் ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"உப்புன்னு தெரிஞ்சும் ஏன்க்கா மோட்டார் போட்ட?"

"வெயில்ல அந்த ட்யூப்ப தூக்கினு எவ்ளோ அலைஞ்ச. வந்தவங்க முன்னால நீ தலை குனிஞ்சி நிக்கக் கூடாதுன்னு போட்டேன்."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்ட எப்டிம்மா சொல்றது?"

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஃபீல்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். குட்டை காலி என்றால் காலி என்றே காட்டுங்கள், யார் வந்தாலும் சரி. நம்மோடு சண்டை போடுகிற விவசாயியிடம் எதையும் கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் அவரே துரத்திவிடுவார். நம்மேல் பிரியம் வைத்தவரிடம் கேட்குமுன் யோசிக்க வேண்டும். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. நான் யோசிக்கவில்லை.