கறுப்புக்கு ஏற்ற தாள்

ஜொகூர் பாருவில் உள்ள என் பிரிண்ட் கடைக்கு அந்த அக்கா பாசிர் கூடாங்கிலிருந்து வந்தார், தொழிற்சாலைச் சீருடையோடு. தன்னோடு கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்திருந்தார். கண்காட்சி வைக்கப் போகிறாராம்.

ஒரே முகத்தை மூன்று தாள்களில் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய், சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பளபளப்பான தாளில் வெளிச்சம்தான் மின்னியது, முகம் தெரியவில்லை. மினுமினுப்பே இல்லாத பருத்தித் தாளில் கறுப்பு சாம்பலாகிவிட்டது.

"கொஞ்சம் வெளுப்பாக்கி அடிச்சிடவா அக்கா? எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

"வேணாம் லா தம்பி. எங்க ஆளுங்க கறுப்பு. கறுப்பாவே அழகா இருக்காங்க. அதைக் காட்டுற தாளை நீ குடு."

மூன்றாவது, பாரைட்டா என்ற வெள்ளைத் தாதுப்பொடி பூசிய புகைப்படத் தாள். அதில் கறுப்பு ஆழமாக இறங்கியிருந்தது. கன்னத்துச் சுருக்கம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. தன் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதான்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கடைச் சுவரில் மாதிரிக்காக மாட்டியிருந்த, வெளுப்பாக்கிய என் கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு, அதே படத்தை அந்தத் தாளில் உள்ளபடியே அடித்து மாட்டினேன்.

முன்பெல்லாம் வருகிறவர்கள் அந்த வெளுத்த படத்தைப் பார்த்து, "இது யாருங்க?" என்று என்னிடமே கேட்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.