வருத்தக்காரச் சட்டி

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் முதலில் இரண்டு சட்டிகள்தான் இருந்தன. ஒன்று சைவச் சட்டி, மற்றது மச்சச் சட்டி. வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் முதலாவதற்கு. மீன், இறைச்சி, முட்டை எல்லாம் இரண்டாவதற்கு. இருபத்தாறு வருடமாக என் மனைவி இந்த எல்லையைக் காத்து வருகிறாள்.

மூன்றாவது சட்டி போன வைகாசியில் வந்தது. என் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. கொள்ளுப்பிட்டியில் டொக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "தேங்காயெண்ணெயைக் குறையுங்கோ. ஒலிவ் எண்ணெய் பாவிச்சுப் பாருங்கோ" என்றார். டொக்டர் சொன்னதை வேறு எங்கே வாங்குவது? நேரே பாமசிக்குப் போனேன். மாத்திரைகளோடு ஒரு சின்னப் போத்தலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கந்தோரில் வேலை முடிந்து வந்த மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது குழந்தைப்பிள்ளைக்குப் பூசிக் குளிப்பாட்டிற எண்ணெய்."

"உடம்புக்கு நல்லதெண்டுதானே பூசுகினம்."

"அப்ப முழுகிப்போட்டு வாங்கோ. நான் பவுடர் போட்டு விடுறன்."

அடுத்த நாள் அவளே சுப்பர்மார்க்கட்டில் கடும்பச்சைப் போத்தல் ஒன்று வாங்கி வந்தாள். மனைவி தேங்காயெண்ணெய்க்கு வைக்கிற அதே நெருப்பை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது சமையலறை முழுக்கப் புகை.

"இது என்ர சமையலுக்குச் சரிவராது. உங்களுக்கு வேறயாக் காய்ச்சித் தாறன்" என்றாள். அன்றே எனக்கென்று ஒரு சின்னச் சட்டி வந்தது. நோயாளிக்கென்று வந்த சட்டி என்பதால் மகள் அதற்கு 'வருத்தக்காரச் சட்டி' என்று பெயர் வைத்தாள்.

பெயரைக் கேட்டு நானும் சிரித்தேன். சாப்பாட்டு மேசையில்தான் சிரிப்பு வரவில்லை. மீன் குழம்பு மட்டும் பொது, அதற்கு எண்ணெய் தேவையில்லை. மரக்கறி எல்லாம் எனக்கு ஒன்று, அவர்கள் இருவருக்கும் ஒன்று. இருபத்தாறு வருடம் நாங்கள் ஒரே கறியைப் பற்றிச் சண்டை பிடித்தவர்கள். உப்புக் கூடிப்போச்சு, புளி காணாது என்று தொடங்கினால் கோப்பை கழுவும்வரை போகும். இப்போது என் கறியில் உப்புக் குறைந்தால் அது என் சொந்த விடயம். கொலஸ்ட்ரோல் குறைவதைவிட அந்தச் சட்டி ஒழிவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரே வழி, அந்த எண்ணெயை மனைவிக்குப் பிடிக்கச் செய்வது.

நான் தினமும் டயறி எழுதுகிறவன். என்ன சமைத்தது, எத்தனை கரண்டி எண்ணெய், ருசி எப்படி என்பதற்கும் அதில் இடம் ஒதுக்கினேன்.

அப்போது மாங்காய்க் காலம். மாங்காயை மெல்லிசாக வெட்டி, சின்ன வெங்காயம், உப்பு, மிளகாய்த்தூள் போட்டு, மேலே ஒரு கரண்டி எண்ணெயைக் காய்ச்சாமலே ஊற்றினேன். புளிப்போடு எண்ணெயின் இலேசான கசப்பும் சேர்ந்து, பச்சை இலையைக் கசக்கினதுபோல ஒரு மணம் வந்தது. மனைவி வந்து விரலால் ஒரு துண்டு எடுத்தாள்.

"என்ன?" என்றேன்.

"உப்புப் பாத்தனான்."

அன்று மூன்று தரம் உப்புப் பார்த்தாள். நேரங்களோடு எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனி, ஆடியில் கடல் பக்கமிருந்து மழை சாய்ந்து அடிக்கும் பின்னேரங்களில், பேக்கரியில் வாங்கின பாணைத் துண்டு போட்டு வாட்டி, மிளகும் உப்பும் இடித்துப் போட்ட எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டோம். மகள் என் பக்கம் வந்துவிட்டாள். மனைவியோ, "மழைக்கு எதுவும் ருசிக்கும்" என்று முழுப் பெருமையையும் மழைக்கே கொடுத்தாள். ஆவணியில் வெயில் திரும்பியதும் சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து இரண்டு கரண்டி ஊற்றினேன். அதற்கும் உப்புப் பார்த்தாள். ஆனாலும் மறுநாள் அடுப்பில் வழமைபோல இரண்டு சட்டிகள்.

ஐப்பசி மழையோடு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் மச்சச் சட்டி மேல்தட்டுக்குப் போய்விடும். மனைவிக்கு மாலையில் ஒரு நேரச் சாப்பாடு மட்டும். நான் மாத்திரை எடுப்பதால் விரதமில்லை, மரக்கறியோடு சரி. முதல் நாள் அவள் என் சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இதில மச்சம் பட்டதோ?"

"நீர்தானே இதில சமைக்கிறனீர்?"

"நான் மரக்கறிதான் வைச்சனான். நான் இல்லாத நேரம் நீங்கள் என்ன செய்தனீங்களெண்டு எனக்கென்ன தெரியும்? டயறியை எடுங்கோ."

ஓம் என்றால் சட்டி மேலே போகும், ஆறு நாளும் எனக்குக் கடைப் பாண்தான் என்று பயந்தேன். டயறியை மெதுவாகத்தான் எடுத்தேன். மகள் பறித்துச் சத்தமாக வாசித்தாள்: "முட்டை ஒன்று. எண்ணெய் அரைக் கரண்டி. மிளகு. நன்று."

"நன்றாம்!" என்றாள் மனைவி.

இரண்டு சட்டிகளையும் நானே ஏணியில் ஏறி மேலே வைத்தேன். இறங்கி வரும்போது மனைவி சைவச் சட்டிக்கு முன்னால் நின்று இரண்டு எண்ணெய்ப் போத்தல்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பட்டினியோட ரெண்டு தரம் சட்டி கழுவ என்னால ஏலாது" என்று தனக்கே சொன்னாள். பிறகு பச்சைப் போத்தலைத் திறந்தாள். நெருப்பை நன்றாகக் குறைத்து, பக்கத்திலேயே நின்று தாளித்தாள்.

மாலையில் ஒரே பூசணிக்காய்க் கறியோடு மூவரும் மேசையில் இருந்தோம்.

"உப்புக் காணாது" என்றேன்.

"நான் விரதக்காரி. உப்புப் பாக்கேலுமோ? வாய் சும்மாதானே இருந்தது, நீங்கள் பாத்திருக்கலாமே!"

"என்னை ஆர் கேட்டது?"

"அஞ்சு மாசமா நீங்கள் கேட்டோ நான் உப்புப் பாத்தனான்?" என்றாள். மகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய்விட்டாள். நாங்கள் விடவில்லை. ஆறு நாளும் இப்படியே போனது. ஆறு நாளும் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பாரணையோடு விரதம் முடிந்த மறுநாள் மீன் வந்தது. மறுபடியும் ஏணியில் ஏறினேன். மச்சச் சட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, மற்றதில் கையை வைத்தபடி நின்றேன்.

"இதையும் இறக்கிறதோ?"

மனைவி நிமிர்ந்து பார்க்காமலே மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது மேலயே இருக்கட்டும். முட்டை பொரிக்கிறதெண்டா மச்சச் சட்டியில பொரியுங்கோ. எழுதியும் வையுங்கோ."