வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

லூயிஷாமில் நாங்கள் வாங்கிய வீட்டில் சாமிக்குக் கிடைத்த இடம், குளிருக்கு நெருப்பு மூட்டுகிற ஒரு கணப்படுப்பு. மேலே மூன்று அறைகள். ஒன்றில் நாங்கள், ஒன்றில் மகள், மூன்றாவதில் எப்போதும் நாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கிய சொந்தக்காரர் யாராவது ஒருவர். வந்தவர் வேலை எடுத்துப் போனால் அடுத்தவர் வந்துவிடுவார். கட்டில் சூடு ஆறாது. கீழே முன்னறையில் தொலைக்காட்சி. அதன் சத்தத்துக்குள் சாமியை வைக்க மனைவி சம்மதிக்கவில்லை. மிஞ்சியது பின்னறை. அதன் சுவரில்தான் அந்தக் கணப்படுப்பு இருந்தது.

அந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் பழைய செங்கல் புகைபோக்கிக்குள் ஒரு மெல்லிய இரும்புக் குழாயை இறக்கி, அதன் அடியில் கடையில் ஆயத்தமாக விற்கிற இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, கேஸ் நெருப்பு எரித்திருக்கிறார்கள். போகும்போது கேஸ் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி மட்டும் சுவருக்குள் ஒரு மாடம்போல நின்றது. மனைவி அதைத் துடைத்து, முன்னால் நின்று பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, இது சாமிக்கெண்டே செய்து வைச்ச இடம்.”

“சாமியைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ளை வைக்கப் போறீரோ?”

“நெருப்பு இருந்த இடம் துப்புரவான இடம். நீங்கள் சும்மா இருங்கோ.”

எங்கள் வீட்டில் எந்த வாதத்திலும் கடைசிச் சொல் அவளுடையது. எனக்கு ‘ஓம்’ மட்டும்தான் மிஞ்சும். பிள்ளையார் நடுவில், முருகன் வலது பக்கம், அம்மன் இடது பக்கம் என்று மூன்று படங்களும் அங்கே குடியேறின.

அவள் வெள்ளிக்கிழமையை விடமாட்டாள். காலையில் முழுக்கு, மரக்கறிச் சாப்பாடு, பின்னேரம் ஆறு மணிக்கு விளக்கு, அதன் பிறகு சாம்பிராணி. தூபக்காலில் கரியை மூட்டி, தூள் போட்டு, வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரு மூலை விட்டுப்போகக் கூடாது. வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி கத்திய கத்தலில், குளித்துக்கொண்டிருந்த சொந்தக்காரர் துவாயோடு தெருவுக்கு ஓடினார். நான் கதிரையில் ஏறி நின்று அந்த மணியைத் துவாயால் விசிறினேன். அடுத்த வெள்ளி முதல் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தலை நனையாமல் குளிக்கப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை அந்த மணிக்குப் போட்டுவிட்டு, அறைகளை விறுவிறுவென்று சுற்றி, முடிவில் தூபக்காலைக் கணப்படுப்புப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். புகை அறைக்குள் திரும்பி வராது. பெட்டியின் மேல் துவாரத்துக்குள் வளைந்து போய் மறைந்துவிடும்.

“பாருங்கோ, நேரே மேலை போகுது,” என்பாள்.

அதில் அவளுக்கு ஒரு தனிப் பெருமை. கோயிலில் சந்திக்கிற மற்றப் பெண்களெல்லாம் ஜன்னலைத் திறந்து புகையைத் தெருவுக்குத் துரத்துகிறார்களாம். எங்கள் வீட்டுப் புகை மட்டும் நேராக மேலே, கேட்க வேண்டியவரிடம் போகிறதாம். நான் கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியில் நிற்கிற ஆள். ஆனாலும் அவள் அப்படிச் சொல்லும்போது நானும் குனிந்து பார்ப்பேன். போய்க்கொண்டுதான் இருந்தது.

ஒரேயொரு குறை. சாம்பிராணி வைத்துக் கொஞ்ச நேரத்தில், சாமிப் படங்களுக்குப் பின்னாலிருந்து மீன் பொரிக்கிற மணம் வரும்.

ஜன்னலால் வந்தால் சாத்திவிடலாம். இது பெட்டிக்குள்ளிருந்தே வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணியின் குசினி எங்கள் பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் இளம் வயதில் ஜமேக்காவிலிருந்து வந்து, பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தனியே இருந்தார். எங்களுக்குள் இருந்த உறவு குப்பைத் தொட்டி, தபால் பொதி, தீபாவளிக்கு வடை, கிறிஸ்மஸுக்குக் கறுப்புக் கேக். அவ்வளவுதான். நல்ல மனுஷி. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் பொரிப்பார்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமிக்கு முன்னாலை மீன் மணக்குது. வேணுமெண்டு செய்யிறாவோ?”

“அவவுக்கு எங்கடை வெள்ளிக்கிழமை தெரியுமே? பிள்ளையாருக்கெல்லோ கரைச்சல். அவருக்குத்தானே நீளமான மூக்கு.”

“பகிடி விடாதேங்கோ,” என்று சொல்லி இன்னும் ஒரு சிட்டிகை சாம்பிராணியைக் கரியில் போடுவாள். மீன் மணத்தை அமுக்கத்தான். உண்மையைச் சொன்னால், பருப்பும் கீரையும் மட்டும் கண்ட என் வயிற்றுக்கு அந்த மணம் ஒரு சோதனையாக இருந்தது. போய்ச் சொல்லவும் வழியில்லை. ஒருவர் தன் வீட்டில் மீன் பொரிக்கக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? அப்படியே வருடங்கள் போயின. மகள் படித்து, கல்யாணம் முடித்து, விம்பிள்டன் பக்கம் போனாள். மூன்றாவது அறைக்கு வர நாட்டில் ஆட்கள் இல்லாமல் போனார்கள். வீடு பெரிதாகிவிட்டது. சாம்பிராணியும் மீனும் மட்டும் மாறவில்லை.

பிறகு மனைவி நோயில் விழுந்து, இரண்டு பருவம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, போய்ச் சேர்ந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை சாமிக்கு விளக்கும் இல்லை, சாம்பிராணியும் இல்லை, வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சமும் இல்லை. அதுதான் எங்கள் வழக்கம். அது முடிந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு நான் பின்னறையில் நின்றேன். பக்தி ஒன்றும் வந்துவிடவில்லை. அந்த மணம் இல்லாத ஆறு மணியை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். தூபக்காலை எடுத்தேன். மணிக்குத் தொப்பி போட்டேன். அறை அறையாகச் சுற்றினேன். வெறும் அறைகள்தான், என்றாலும் மூலை விடவில்லை. அந்த மணம் நிற்கிற அரை மணித்தியாலம் அவள் குசினியில் ஏதோ வேலையாக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இருக்க முடிந்தது. அதற்காகவே தொடர்ந்து செய்தேன்.

போன மாரிக்கு முந்திய மாரியில் சுவர் நனையத் தொடங்கியது. கணப்படுப்புக்கு மேலே தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை வந்து, பிறகு சுவர்க் கடதாசி அப்பளம் மாதிரி ஊதியது. ஒரு மழை நாளில் துருப்பிடித்த தண்ணீர் பிள்ளையார் படத்தின் கண்ணாடியில் சொட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

“அப்பா, ஜஸ்ட் அதை அடைச்சுப் பிளாஸ்டர் பண்ணி விடுங்கோ. சாமிக்கு ஒரு கபேட் வாங்குவம்.”

“சாமியை அலுமாரிக்குள்ளையோ?”

“எல்லாரும் அப்பிடித்தானே வைச்சிருக்கினம்.”

எனக்கு வந்த கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டேன். பாவம், அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அடைத்துவிட்டால் அந்தப் புகை எங்கே போகும்? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மனைவி வைத்த இடத்திலேயே, அவள் சொன்னபடியே, அது மேலே போக வேண்டும். மற்றப்படி வீடு எப்படி இருந்தாலும் எனக்குக் காரியமில்லை.

கல்யாண வீடொன்றில் யாரோ சொல்லித்தான் அந்தத் தம்பி கிடைத்தார். மன்னார்ப் பிள்ளை, அப்டன் பார்க் பக்கம் இருப்பவர், கூரை வேலையும் புகைபோக்கி வேலையும் செய்பவர். காலை எட்டுக்கு ‘பத்து நிமிசத்திலை நிக்கிறன் அண்ணை’ என்றவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. ஆனால் கணப்படுப்புக்கு முன்னால் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“படங்களை நீங்களே எடுங்கோ அண்ணை. நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எண்டாலும் சாமி சாமிதான்.”

படங்களை எடுத்து மனைவியின் கதிரையில் வைத்தேன். இரண்டு வீட்டுக்கும் புகைபோக்கி பொது என்பதால் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லித்தான் கூரைக்கு ஏற ஸ்கஃபோல்ட் கட்டினோம். அவர் மறுப்பே சொல்லாமல் தம்பிக்குத் தேத்தண்ணியும் கொடுத்தார். தம்பி ஏறிப் பார்த்துவிட்டு, ஃபோனில் எடுத்த படங்களோடு இறங்கி வந்தார்.

“அண்ணை, மேலை வாயை ஒரு கல்லை வைச்சுச் சீமெந்தாலை அடைச்சுக் கிடக்கு. சீமெந்து வெடிச்சுப்போச்சு. கூரையோடை சேருற இடத்திலை ஈயத் தகடும் கிளம்பிப்போய் நிக்குது. அதாலைதான் மழை இறங்குது. உள்ளை லைனர் குழாய் துருப்பிடிச்சுக் கந்தலாப் போச்சு.”

“எப்ப அடைச்சது?”

“பாசி பிடிச்சிருக்கிற பிடியைப் பாத்தா நீங்கள் வாங்க முந்தியே.”

“அப்ப புகை?”

“எந்தப் புகை?”

சொன்னேன். அவர் தன் ஃபோனில் இன்னொரு படத்தைக் காட்டினார். குழாய் பிய்ந்துபோன இடத்துக்கு நேரே, எங்கள் புகைவழிக்கும் பக்கத்து வீட்டுப் புகைவழிக்கும் நடுவில் இருந்த செங்கற்கள் விழுந்து, ஒரு தலை போகிற அளவுக்கு ஓட்டை.

“மேலை போகேல்லை அண்ணை,” என்று சிரித்தார். “ஒருநாளும் போகேல்லை. பக்கத்து வீட்டை போயிருக்கு. அவவின்ரை வாயும் மேலை அடைச்சுத்தான் கிடக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கட்டில் இருந்துவிட்டேன். எத்தனை வெள்ளிக்கிழமைகள்! ‘நேரே மேலை’ என்று அவள் காட்டின முகம் கண்ணுக்குள் நின்றது. அடைத்தவன் யாரென்று தெரியாமலே அவனைத் திட்டினேன். அவள் இதைக் கேட்காமல் போனது நல்லது என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

“தம்பி, வாயைத் திறந்து புதுக் குழாய் போட்டு விடும்,” என்றேன்.

“சாம்பிராணிக்கு லைனர் போடுற முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை,” என்றார் அவர். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. பழைய குழாய் துண்டு துண்டாக, துருவும் கரியுமாக வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த ஓட்டையைச் செங்கல் வைத்துக் கட்டினார். துருவேறாத புதுக் குழாயை மேலிருந்து கயிறு கட்டி இறக்க, நான் கீழே முழங்காலில் நின்று கயிற்றின் மற்ற முனையை இழுத்தேன். உச்சியில் சீமெந்தும் ஈயத் தகடும் புதிதாயின. மழை விழாமல் புகை மட்டும் போகிற ஒரு தொப்பியும் ஏறியது. கடைசியாக, உக்கின பெட்டியை மாற்றினார். சுவர் காயும்வரை பொறுத்திருந்து படங்களைத் திருப்பி வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வழக்கப்படி எல்லா அறைக்கும் காட்டி, தூபக்காலைப் புதுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வெளியே பின்வளவுக்கு ஓடினேன். அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் தொப்பியின் கீழிருந்து மெல்லிசாக, நூல் மாதிரி வெள்ளைப் புகை வந்தது.

“போகுது, பாரும்,” என்றேன். வாய்விட்டே சொன்னேன். பிறகு நன்றாக அழுதேன்.

உள்ளே வந்து முகம் கழுவும்போதுதான் ஏதோ குறைகிறது என்று பட்டது. மீன் மணம் இல்லை. ஓட்டையை அடைத்துவிட்டார்களே, எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது.

பக்கத்து வீட்டு அம்மா நின்றார். சமையல் ஏப்ரன், கையில் ஊன்றுகோல். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நலமாக இருக்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “இன்று வெள்ளிக்கிழமைதானே? வேலை நடந்த நாட்களில் வராதது சரி, முடிந்தும் உங்கள் புகை வரவில்லை. பயந்துபோனேன்.”

“புகை வருவது உங்களுக்குத் தெரியுமா?”

“ஏன் தெரியாது? என் அடுப்புக்குப் பின்னாலிருந்து வரும். அது வந்ததும் மீனைச் சட்டியில் போடுவேன். எனக்கு வெள்ளிக்கிழமை அதுதான். இன்று மீன் மேசையிலேயே கிடக்கிறது.”

புதுக் குழாயையும் கட்டிய செங்கலையும் பற்றி விளக்கினேன். கேட்டுத் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை.

“உங்கள் மனைவி இறந்த மாதத்திலும் இப்படித்தான். புகை வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் மீன் பொரிக்கவேயில்லை. மனம் வரவில்லை.”

எங்கள் வீட்டில் மச்சம் இல்லாத அந்த நாட்களில், துடக்கு, அந்தியேட்டி என்று ஒன்றும் அறியாத இந்த மனுஷியின் வெள்ளிக்கிழமைகளிலும் மீன் இருக்கவில்லை. மேலே போகவில்லை என்று நான் படிக்கட்டில் இருந்து அழாத குறையாகக் கவலைப்பட்டேனே, அது போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

“கொஞ்சம் நில்லுங்கள்,” என்று உள்ளே போனேன். கரி இன்னும் அணையவில்லை. ஒரு சிட்டிகை தூள் போட்டு, தூபக்காலைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். குசினிக்குள் கால் வைத்ததும் அவர் வீட்டுப் புகை மணி கத்தத் தொடங்கியது. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சட்டி பிடிக்கிற துணியை எடுத்து ஊன்றுகோலில் கட்டி விசிறினார். நான் நாலு மூலைக்கும் காட்டினேன். அதன் பிறகுதான் மீன் சட்டிக்குப் போனது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டு அறைகள் முடிந்ததும் கடைசி அறையாக அவர் குசினிக்கும் போய்விட்டு வருகிறேன். ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மணிக்குப் போட. திரும்பும்போது மூடிக் கட்டின ஒரு தட்டு மீனைத் தருவார். வெள்ளிக்கிழமை நான் தொடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் சூடாக்கிச் சோற்றோடு சாப்பிடுகிறேன். நல்ல மீன். சனிக்கிழமையில் ஒருநாள் கொடுத்திருந்தால் அவளும் விரும்பிச் சாப்பிட்டிருப்பாள்.