இல்லாமல் போகப் படித்தவள்

நாகூர் மீரானுக்கு அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மேல் வருடக்கணக்கில் தீராத கடுப்பு. சிறப்புக் கல்வியில் மாஸ்டர்ஸ் படிக்கிறோம் என்று மகள் ஃபராவின் வகுப்புக்குப் பயிற்சிக்கு வருவார்கள். கொஞ்சுவார்கள், பாடுவார்கள். பேச்சு வராத பிள்ளை ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் பயிற்சி முடிந்தது என்று டாட்டா காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். போன தடவை வந்தவள் கிளம்பியதும் ஃபரா சுவரில் மண்டையை இடித்துக்கொண்டாள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னொரு தடவை என்றால் பிள்ளை தாங்காது.

அதனால்தான் ஜெகதீஸ்வரி வந்த அன்றே பள்ளி வாசலில் மறித்தார்.

“எப்ப போவீங்க டீச்சர்? அத மொதல்ல சொல்லிடுங்க.”

“இன்னிக்கே போக ஆரம்பிச்சிருவேன் அண்ணே.”

“என்ன லா இது, வெளாட்டா?”

அவள் சிரிக்கவில்லை. “மொதல்ல கையப் பிடிப்பேன். அப்புறம் முழங்கையில ஒரு வெரல். அப்புறம் வெரலும் இருக்காது, பின்னால நிப்பேன். கடைசில நான் இருக்கேனா இல்லையான்னு அவளுக்கே தெரியாது. அப்படிப் போனாத்தான் அழமாட்டா.”

ஜுரு ஊரில் கார் பட்டறைக்காரர் மகள் அவள். தம்பி சிவநேசனும் ஃபரா மாதிரிதான். அவள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று அவனைக் கட்டிப்பிடித்து, கேட் வரை கூட்டி வந்து, கையசைத்துவிட்டுப் போனாள். இன்று அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. அக்கா வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்தாலும் சாயங்காலம் ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, போன அக்காவுக்காக ரோட்டைப் பார்த்து நிற்கிறான்.

இதை அவள் சொன்ன பிறகு மீரான் வாசலை விட்டு விலகி வழிவிட்டார்.

அவள் சொன்னபடியே செய்தாள். முதலில் பவுடரை விட்டாள், பூவை விட்டாள், வளையலைக் கழற்றினாள். பள்ளிச் சுவருக்கு அடித்திருந்த சாம்பல் நிறத்திலேயே தினமும் சட்டை போட்டாள். செருப்புச் சத்தம் நின்றது. பேச்சு குறைந்தது. ஃபரா தானாகப் பையை மாட்டினாள், தானாகக் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினாள். ஆனால் முழங்கையை மட்டும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்துக்கொண்டு நடந்தாள், ஏதோ ஒரு விரலுக்கு இடம் விட்டதுபோல.

ஒருநாள் பள்ளிக்கு எதிர் டீக்கடையில் மீரான் ரெண்டு தே தாரேக் சொன்னார். கடைக்கார ரோஹானா ஒன்றை மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

“இன்னொண்ணு எங்க?”

“தனியா உக்காந்துகிட்டு ரெண்டு கேக்குறீங்க. இன்னொண்ணு யாருக்குண்ணே, ஜின் பேய்க்கா?”

எதிரில் ஜெகதீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மீரான் அவள் முகத்தை வெறித்துப் பார்த்தார். அவளோ பரீட்சையில் தேறியவள்போல மெல்லத் தலையாட்டினாள்.

பயிற்சியின் கடைசி நாள் பள்ளி விட்டதும், மீரான் ஓட்டும் வேனில் ஃபராவுக்குப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். எங்கே இறங்குவாள் என்று சொல்லவில்லை. தண்ணீர்மலை போகும் சாலையில் சிவப்பு விளக்கு. மீரானின் பிடரியருகே மூச்சுக்காற்று மாதிரி ஒரு குரல் வந்துபோனது. விளக்கு பச்சையானது. அந்த வேன் கதவைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், அப்படிக் கிறீச்சிடும். அன்று அது சத்தமே போடவில்லை.

வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்தார். பின் சீட் காலி. ஃபரா தன்பாட்டுக்கு இறங்கி, உள்ளே போய்ச் சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்தாள். அழவில்லை.

மனைவி ரொஸ்னா மீனை வைத்தபடி கேட்டாள். “அந்த டீச்சருக்கு இன்னியோட முடியுதுல்ல? பேரு என்னங்க, வாயில நிக்கவே மாட்டேங்குது.”

ஃபராவின் கை சோற்றில் நின்றது. அப்பாவின் வாயையே பார்த்தாள். தழும்புக்குக் கீழே கண் இமைக்கவில்லை.

“எந்த டீச்சர்?” என்றார் மீரான்.

ஃபரா மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

சிவப்பு விளக்கில் டீச்சர் கேட்டது அதுதான்: “அண்ணே, அவ காதுபட என் பேர மட்டும் எப்பவும் சொல்லிடாதீங்க.”