தலைப்பாக்காரர் பேசட்டும்

மைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் மைதீன் பாட்சா. தோளில் கிடக்கும் துண்டின் நுனியால் ஒரு துடை, திருப்பி இன்னொரு துடை. அதன் பிறகுதான் மைக் அடுத்தவர் கைக்குப் போகும். பஞ்சாயத்துத் தலைவர் பேசி முடித்தாலும் துடைப்பார், ஆடு மேய்க்கிற பெண் பேசி முடித்தாலும் துடைப்பார். இன்னார் வாய் பட்டதற்குத்தான் துடைத்தார் என்று எந்தத் தெருவும் சொல்லிவிடக் கூடாது. துடைத்துத் துடைத்தே மைக்கின் முலாம் போய் உள்ளேயிருக்கும் பித்தளை தெரிகிறது.

சங்கரன்கோவிலில் சர்க்கார் பட வண்டிக்கு அவர்தான் ஆபரேட்டர். விதை, உரம், அம்மைத் தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று மேலிடத்திலிருந்து வருகிற படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரை கட்டிக் காட்ட வேண்டும். காட்டுகிறார், ஆனால் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுக் காட்டுகிறார். திரையில் யாராவது வாயசைத்தால் கூட்டத்தில் ஒருவரிடம் மைக்கை நீட்டுவார். "இவரு என்ன சொல்லுதாரு? நீங்கதான் சொல்லணும்." திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கமெல்லாம் 'மைக் பாய்' என்று கேட்டால்தான் ஆளைத் தெரியும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் படம் ஓடும்போதே, சத்தம் வருவதற்கென்று மிஷினுக்குள் இருக்கும் சின்ன பல்பு சுட்டுப்போனது. கூட்டம் கலையக் கூடாதே என்று அன்றைக்குச் செய்த சமாளிப்பு இது. அதுவரை வாயே திறக்காத பெண்கள் திரையிலிருந்த டாக்டருக்கு எதிர்க்கேள்வி கேட்டதைப் பார்த்தபின், புது பல்பு வந்தும் அவர் பழைய சத்தத்துக்குத் திரும்பவில்லை. பேசும் படத்தை ஊமையாக்கிய காரணம் கேட்டு ஒரு அதிகாரி மெமோ கொடுத்தார். 'படம் பேசியது இந்தி. ஊரில் இந்தி தெரிந்தவர் எவருமில்லை' என்று பாட்சா பதில் எழுதினார். அதிகாரிக்கும் இந்தி தெரியாது. விஷயம் அதோடு நின்றது.

பதினேழு வருஷ சர்வீஸில் ஒரு படத்தின் முடிவும் அவருக்குத் தெரியாது. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முகங்களைத்தான் பார்ப்பார். வீட்டில் கதீஜம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு என்ன படம்?" என்று கேட்பார். "படத்த யாரு பாத்தா? மூணாவது வரிசையில ஒரு அம்மா அழுதுச்சு. ஏன்னு கேக்கதுக்குள்ள எந்திச்சுப் போயிட்டு" என்பார் இவர். இப்படி ஒரு மனுஷர் தன் சம்பளப் பட்டியலில் இருப்பது சர்க்காருக்கே தெரியாது.

போன மாசியில் பனவடலிசத்திரத்துக்குத் தெற்கே ஒரு ஊருக்குப் போயிருந்தார். திரை கட்டக் குழி தோண்டும்போதே மாரித்தாய் என்ற கூலிக்காரப் பெண் ஊர் நிலவரத்தைக் கொட்டிவிட்டாள். பரமசிவனும் வீரபாண்டியும் அண்ணன் தம்பி. பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. இருவருக்கும் ஒரே கிணறு, அதில் ஒரே ஆயில் எஞ்சின். பேச்சு நின்றபின்னும் முறை வைத்து இறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பத்து நாளைக்கு முன்னால் தம்பி முறை தாண்டி விடியும்வரை ஓட்டிவிட்டான் என்று அண்ணன் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போனார். பதிலுக்குத் தம்பி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போனான். கிணற்றில் தண்ணீர் கிடக்க, இரண்டு பேர் மிளகாயும் தலை தொங்கி நிற்கிறது.

"இன்னும் நாலு நாள் போச்சுன்னா பூவும் பிஞ்சும் உதுந்துரும் பாய். ரெண்டு கொல்லையிலயும் களை எடுத்தவ நான். இப்ப ரெண்டு பக்கமும் வேலை இல்ல" என்றாள் மாரித்தாய்.

ஊரும் இரண்டாகிப்போயிருந்தது. படம் பார்க்கவும் வண்டிப்பாதைக்குக் கிழக்கே அண்ணன் கூட்டம், மேற்கே தம்பி கூட்டம். கைகலப்பு என்று வந்தால் முதலில் உடைவது மிஷின்தான். அது பாட்சாவுக்கும் தெரியும். ஆனாலும் மிஷினைப் போட்டார்.

படத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். தலைப்பாகை கட்டிய ஒருவரும் பெரிய மீசைக்காரர் ஒருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு பெண் டீ கொண்டுவந்து வைக்கிறாள். பாட்சா மைக்கை மாரித்தாயிடம் நீட்டினார்.

"டீ ஆறுது, குடிச்சிட்டுப் பேசுங்க. நீங்க ரெண்டு பேரும் பேசலன்னா எங்க வீட்டு அடுப்புல்லா எரிய மாட்டேங்கு" என்றாள் அவள். பாதைக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு எழுந்தது.

துடைத்த மைக் பரமசிவனிடம் போனது.

"நான் எவங்கிட்டயும் பேச வரல, பாய்."

"நீங்க பேச வேண்டாம் அண்ணாச்சி. தலப்பாக்காரரு பேசட்டும்."

நீட்டிய கையைப் பாட்சா மடக்கவில்லை. பரமசிவன் திரையைப் பார்த்துக்கொண்டே வாங்கினார். "கிணறு வெட்டயில கல்லு சுமந்து தோளு புண்ணானவன் நான். தலப்பாக்காரன் சொல்லுதேன்."

மேற்கே வீரபாண்டி மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "மீசைக்காரன் சொல்லுதேன். கல்லு சுமந்தவனுக்குக் கஞ்சி கொண்டாந்தது யாரு?"

அதற்குள் கட்டில் மறைந்து டிராக்டர் வந்துவிட்டது. பாட்சா யோசிக்கவில்லை. படத்தைப் பின்னோக்கி ஓட்டினார். குடித்த டீ தம்ளருக்குத் திரும்பிப் போக, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி கட்டில். இந்தத் தடவை அவர் மைக்கைத் தாங்கியில் மாட்டி வண்டிப்பாதையின் நடுவில் நட்டுவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டார்.

"வயரு இங்கன வரைக்கும்தான் எட்டும். பேசுதவங்க வந்து பேசுங்க" என்றார். இன்னும் பத்து கஜம் வயர் அவர் காலடியில் சுருண்டு கிடந்தது.

பரமசிவன் எழுந்து வந்தார். "தலப்பாக்காரன் கேக்கேன். அன்னைக்கு முறை தப்பி விடிய விடிய எஞ்சின ஓட்டுனது யாரு?"

எதிர்ப்பக்கமிருந்து வீரபாண்டி வந்து நின்றான். "மீசைக்காரன் ஓட்டல. அவன் பிள்ளைக்குக் காய்ச்சல். வலிப்பு வந்துட்டு. எஞ்சின அப்படியே போட்டுட்டுத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனான். நிப்பாட்ட ஆளில்ல."

"சொல்லிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? பேச்சுதான் இல்லியே."

திரையில் டிராக்டர் வந்தது. பாட்சா இப்போது பின்னோக்கி ஓட்டவில்லை. கூட்டத்தில் யாரும் திரையைப் பார்க்கவுமில்லை.

"எந்தப் பிள்ளைக்குலே வலிப்பு?" என்றார் பரமசிவன். தலைப்பாக்காரன் என்று சொல்ல மறந்துவிட்டார். "பூமாரிக்கா?"

ஆமாம் என்று வீரபாண்டி தலையை ஆட்டினான். பிறகு அவர்கள் பேசியது ஊருக்குச் சரியாகக் கேட்கவில்லை. 'பெல்ட்டு' என்ற சொல் மட்டும் ஒரு தடவை மைக்கில் விழுந்தது. மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிராக்டர் போய், மூட்டைகள் போய், படமும் முடிந்தது. பிலிம் சுருளின் வால் மிஷினில் பட்பட்டென்று அடிக்க ஆரம்பித்தது. வெறும் வெள்ளைத் துணியின் வெளிச்சத்தில் அண்ணனும் தம்பியும் பாதை நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். மைதீன் பாட்சா சக்கரத்தைக் கையால் நிறுத்தி, அந்த வாலைச் சத்தம் வராமல் இரண்டு விரலுக்குள் பிடித்துக்கொண்டார். விளக்கை அணைக்கவில்லை.