ஒற்றை மாடு

“தோட்டத்தில் ஒற்றை மாடுதான் நிற்கிறது. மிளகாய்ச் செடி வாடுகிறது.” அக்கா சொல்லி யாரோ எழுதிய அந்த அஞ்சலட்டையில் தேதி யுவ வருஷம் மாசி 9, ஆங்கிலக் கணக்கில் 1936 பிப்ரவரி. மறுவாரமே ராசிபுரத்துப் பக்கமிருந்த அவள் தோட்டத்துக்குப் போனேன்.

கிணற்றில் நீர் கிடந்தது. ஆனால் கவலை என்னும் தோல்பையைக் கட்டி இறைக்க மாடு ஜோடியாக வேண்டும். அதில் ஒன்றை அக்காவின் கணவர் சேவற்கட்டில் பந்தயம் வைத்துத் தோற்றிருந்தார். கருகிய செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, புதுச் சேவலுக்கு அவித்த முட்டையை ஊட்டிக்கொண்டிருந்தார்.

“ஒத்த மாட்டை வெச்சுட்டு என்னங்க மாமா பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“அதையும் வெச்சு ஆடுனாத்தான மாப்ள போனது திரும்பும்?” என்று சிரித்தார்.

“சேவலாப் பொறந்திருந்தா எம்புள்ளைகளும் முட்டை தின்னிருக்கும், சாமி” என்றாள் அக்கா.

அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

பங்குனியில் மற்ற மாடும் போயிற்று. நிலவரி கட்ட ஆத்தூர்ச் சந்தையில் விற்றதாக அவர் சொன்னார். முதல் மாட்டை ஜெயித்தவன் தோட்டத்தில் இரண்டும் சேர்ந்து கவலை இழுத்ததைக் கண்டதாக ஊரில் ஒருவர் சொன்னார். எது உண்மையென்று இன்றுவரை நான் உறுதிசெய்யவில்லை.