மருந்துக்குச் சாகாத புல்

"செத்ததெல்லாம் அப்பாவி, சம்மந்தி. மருந்துக்குத் தப்பிச்சிச்சே, அதுதான் ஆளு!"

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், என் ஓட்டோவின் பின்சீட்டில் இருந்துகொண்டு கறுப்பையா இப்படித்தான் திடீரென்று பதில் சொல்வார். ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து டாங்கியை முதுகில் கட்டிக் களைக்கு மருந்தடித்தவர். என் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம். போன மாதம் எங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். தங்கம்!

பாதையோரம் கருகிய புல்லுக்கு நடுவே ஒன்று பச்சையாக நின்றால் போதும், வண்டியை நிறுத்தச் சொல்வார். இறங்கி வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, முகத்துக்கு நேரே பிடிப்பார். "கெட்டிக்காரப் பயலே!"

அவர் கழுத்தில் கட்டி. புற்றுநோய். முதல் மருந்து ஏற்றியதும் தலைமுடி கொட்டியது. நாங்கள் அழுதோம், அவருக்குச் சந்தோசம். "புல்லு கருகுது பாருங்க, மருந்து புடிக்குது!" கட்டியும் சுருங்கியது. பிறகு மறுபடி வளர்ந்துவிட்டது.

டாக்டரம்மா விளக்கினார். நோயில் பெரும்பகுதி செத்துவிட்டதாம். தப்பிய கொஞ்சம்தான் பெருகியிருக்கிறதாம். உள்ளே போகிற மருந்தை அது வெளியே இறைத்துவிடுகிறதாம். தலைமுடி கொட்டுவதற்கும் கட்டி கரைவதற்கும் தொடர்பே இல்லையாம்.

கறுப்பையா தலையைத் தடவினார். "அடப்பாவி! தேயிலைக் கன்னுதான் கருகியிருக்கு, புல்லு அப்படியே நிக்குது!" பிறகு டாக்டரம்மா பக்கம் குனிந்தார். "கண்ணுக்கே தெரியாதது மோட்டர் வச்சு இறைக்குதா டாக்டர்?" எனக்குப் பயமாக இருந்தது. அவரோ அதைக் கும்பிடாத குறைதான்.

இனி வேறு மருந்து. அதுவாவது பிடித்தால்தான் பேத்தி நடப்பதைப் பார்ப்பார்.

அவளை அவர் இன்னும் தொடவில்லை. மலையில் மருந்தடித்துவிட்டு வந்தால் குளிக்காமல் பிள்ளைகளைத் தொடமாட்டார். இப்போது மருந்து உடம்புக்குள்ளேயே இருக்கிறதே, எங்கே குளிப்பது? தொடலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை.

இன்று புது மருந்தின் முதல் நாள். பழையது உடம்பைவிட்டுப் போயிருக்கும், புதியது இன்னும் ஏறவில்லை. காலையில் ஓட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தேன். ஆள் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிய கையோடு தொட்டிலருகே நிற்கிறார். ஒரு விரலை நீட்டினார். பேத்தி பற்றிக்கொண்டாள். மெல்ல இழுத்தார், விடவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சம்மந்தி, இது கையால புடுங்குனாலும் வராது!"